சுந்தரியக்காவுக்கு வந்த மறதி

முத்தையாபுரத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே திரும்பினால் சண்முகசுந்தரியின் மளிகைக் கடை. பெயர்ப்பலகையில் அவருடைய மாமனார் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அது சுந்தரியக்கா கடை. அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்காரர் செந்தூர்வேல் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மொபெட்டில் டவுனுக்குப் போய் மொத்தக் கடையில் சரக்கு எடுத்து வருவது அவர் வேலை. கடையில் நிற்பது அக்கா. மாமனார் காலமான வருஷத்திலிருந்து அவர்தான் நிற்கிறார்.

காலையில் அந்தக் கடையைப் பார்க்க வேண்டும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருத்தி உளுந்து அரைக் கிலோ, துவரம்பருப்பு கால் கிலோ, புளி, கடுகு, தீப்பெட்டி என்று அடுக்குவாள். அவள் முடிக்கும் முன்பே லாரி கிளீனர் ஒருவன் சோப்பு கேட்பான். பின்னால் நிற்பவர் வெற்றிலை பாக்கு என்பார். அக்கா யார் சொல்வதையும் கேட்கிற மாதிரியே இருக்காது. மூட்டைப் பக்கம் குனிந்து எதையாவது அள்ளிக்கொண்டிருப்பார். நிமிர்ந்தால், கேட்டவர் கேட்ட வரிசையிலேயே சாமான் வந்து விழும். கூட்டலும் வாயிலேயே நடக்கும். யாராவது சந்தேகப்பட்டு மறுபடி சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

"ரெண்டாந்தரம் சொல்லாத. எனக்குக் காது இருக்கு" என்பார்.

போன வருஷம் ஆடி மாதம், புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய மனைவி சரண்யாதேவி வந்து சாமான்களைச் சொன்னாள். அக்கா உளுந்தை நிறுத்தார். பொட்டலத்தை வைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார். கை அப்படியே நின்றுவிட்டது. எதை எடுக்க நீட்டினோம் என்று தெரியவில்லை.

"என்ன சொன்ன?"

சரண்யாதேவி சிரித்துவிட்டாள். "எக்கா, நீங்களா கேக்கிய? பொட்டுக்கடலை, தேங்காயெண்ணெய், கருவாட்டுக்குப் போட ஒரு புளி."

அக்காவும் சிரித்தார். காற்றில் காது அடைக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். ஆனால் காது கேட்டிருந்தது. அது அவருக்கே தெரியும். கேட்டது, உள்ளே போனது, பிறகு காணவில்லை.

அந்த வாரத்திலேயே அது திரும்ப வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. ஐந்து சாமானில் மூன்று நிற்கும், இரண்டு போய்விடும். கூட்டிக்கொண்டே வரும்போது பாதியில் தொகை நழுவும். உள்ளே போய் எண்ணெய் டின்னைத் திறந்த பிறகு யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் நிற்பார். ஒருநாள் துறைமுகத்தில் கிரேன் உதவியாளாக இருக்கும் மாரிராஜ் வாங்கிப்போன பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

"எக்கா, நான் கேட்டது சீயக்காய்ப் பொடி. நீங்க தந்தது மல்லிப்பொடி. நல்லவேளை எம்பொண்டாட்டி மோந்து பாத்தா. இல்லன்னா தலைய ரசமா ஆக்கியிருப்பா!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அக்கா பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, அரிசி எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போனார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் அழுததற்குக் காரணம் ஆறுமுகநேரியில் இருந்தது. அங்கேதான் அவருடைய கூடப்பிறந்த அக்கா வடிவம்மாள், மகன் வீட்டில் இருக்கிறார். சுந்தரியைவிடப் பத்து வயது மூத்தவர். சுந்தரிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவர்தான். சில வருஷங்களுக்கு முன் வடிவம்மாள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு கோயிலுக்குப் போய்விட்டு வழக்கமாக வரும் தெருவில் வழி தெரியாமல் நின்றார். பிறகு ஒருநாள், பார்க்கப் போயிருந்த சுந்தரியைப் பார்த்து, "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

தனக்கும் அதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று சுந்தரியக்கா முடிவு கட்டிவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு வந்தது எனக்கு வராதா?

யாரிடமும் சொல்லவில்லை. ஆறுமுகநேரிக்குப் போவதை நிறுத்தினார். வடிவம்மாளின் மகன் போன் செய்தால், கடையில் ஆளில்லை, அடுத்த வாரம் வாரேன் என்பார். மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பார். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது, எந்தச் சாமான் தீரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பார். ஒன்றுகூடத் தப்பாது. கொஞ்சம் தைரியம் வரும். மறுநாள் காலையில் கூட்டம் வந்ததும் மறுபடி கை அந்தரத்தில் நிற்கும்.

பயம் கோபமாக மாறியது. "எல்லாரும் சேந்து கத்தினா நான் என்ன மிசினா?" என்று வாடிக்கைக்காரர்கள்மேல் பாய்ந்தார். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். போனது பரவாயில்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆள் குறைந்தால் அவமானமும் குறையும்.

கார்த்திகை பிறந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சத்தியராஜ் இடம் போதவில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "தை மாசத்திலிருந்து என் கடைய வாடகைக்கு எடுத்துக்கிடுதியா?" என்று கேட்டார். அவன் சந்தோஷத்தில் நேரே செந்தூர்வேலிடம் போய் நன்றி சொல்லிவிட்டான்.

செந்தூர்வேல் சரக்கு மூட்டையை மொபெட்டிலிருந்து இறக்காமலே உள்ளே வந்தார்.

"ஏளா, கடைய வாடகைக்கு விடுதியாமே? அந்தப் பய சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"முட்டி வலிக்கு. நிக்க முடியல."

"முட்டி வலி எனக்கு. ஒனக்கு எப்ப வந்தது?"

அக்கா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். செந்தூர்வேல் அந்தத் தட்டைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"சுந்தரி, நாலு மாசமா நீ நீயா இல்ல. சாப்பாடு எறங்கல, வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சண்ட. என்னன்னு சொல்லு."

"வடிவக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டுங்க" என்று சொல்லி அக்கா உடைந்துபோனார். சீயக்காய், மல்லிப்பொடி, அந்தரத்தில் நின்ற கை எல்லாவற்றையும் சொன்னார். "நாளைக்கு ஒங்களயே யாருன்னு கேப்பேன். அதுக்கு முன்னால கடைய ஒருத்தன் கையில ஒப்படைச்சிரணும்."

செந்தூர்வேல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நானுந்தான் அடுக்களைக்குள்ள போய் எதுக்கு வந்தேன்னு தெரியாம நிக்கேன்" என்றார்.

"நீங்க கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தான நிக்கிய!"

அழுதுகொண்டே சொன்னாலும் அது சிரிப்பு வருகிற பேச்சுதான். இருவருமே சிரித்தார்கள். அன்றைக்கே செந்தூர்வேல், பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இந்துமதிக்குப் போன் செய்தார். அவள் அப்பாவைத் திட்டி, அம்மாவைத் திட்டி, மூளை நரம்பு டாக்டர் ஒருவரிடம் முன்பதிவு செய்தாள்.

டாக்டர் பெயர் ஜெஸ்லின். மணப்பாட்டுப் பக்கத்துப் பெண். முதலில் ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுகள் வந்த பிறகு டாக்டர் அக்காவையும் செந்தூர்வேலையும் உட்கார வைத்து, வடிவம்மாளுக்கு வந்ததையும் கேட்டுக்கொண்டார். அவருடைய மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தும் அதைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு வார்த்தை சொல்லுதேன். மனசுல வச்சுக்கிடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன். படகு, வேப்பிலை, கண்ணாடி, சட்டை, மணி."

பிறகு கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். அக்கா வரைந்தார். நேற்று என்ன சமைத்தீர்கள், வீட்டிலிருந்து இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அக்கா முந்தின நாள் வைத்த சொதியிலிருந்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எந்த ஊரில் இறங்கினாள் என்பதுவரை சொன்னார். கடையில் இப்போது எது குறைவாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "மிளகு, கட்டிப் பெருங்காயம், சின்ன சைஸ் மெழுகுவர்த்தி. இவருகிட்டச் சொல்லி விட்டேன், வாங்காம வந்துட்டாரு" என்றார். செந்தூர்வேல் கூரையைப் பார்த்தார்.

அடுத்தது எண்கள். டாக்டர் சில எண்களைச் சொல்வார். அக்கா பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் சரியாக வந்தது. எண்கள் கூடக் கூட அக்காவின் முகம் இறுகியது. அறைக்கு வெளியே ஸ்பீக்கரில் டோக்கன் எண் கூப்பிட்டார்கள். அக்கா தடுமாறி ஏதோ சொன்னார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "நான் சொன்னதுல எட்டே இல்லயே. எட்டு எங்கிருந்து வந்தது?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியலம்மா. இப்படித்தான் ஆவுது."

"எனக்குத் தெரியும். வெளிய 'டோக்கன் எட்டு'ன்னு கூப்பிட்டாங்க." டாக்டர் எழுந்து போய்க் கதவை இறுக்கி மூடிவிட்டு வந்தார். "இப்ப வேற எண்கள் சொல்லுதேன். அவசரப்படாம சொல்லுங்க."

இந்தத் தடவை அக்கா திருப்பிச் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

"அந்த அஞ்சு வார்த்தை?" என்றார் டாக்டர்.

"படகு, வேப்பிலை, கண்ணாடி, சட்டை, மணி" என்று அக்கா மூச்சுவிடாமல் சொன்னார். தனக்கு அவை ஞாபகம் இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் ஜெஸ்லின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க அக்காவுக்கு நடந்ததே மனசுல நிக்கல. நேத்து நடந்தது, தெரிஞ்ச வழி, தெரிஞ்ச முகம் எல்லாம் போயிட்டு. உங்களுக்கு அதெல்லாம் பத்திரமா இருக்கு. நழுவுறது எதுன்னா, இப்ப, இந்த நிமிஷம், வேலை செய்யிறதுக்காக மனசுல பிடிச்சு வச்சிருக்கீங்களே, அது. வொர்க்கிங் மெமரின்னு சொல்லுவோம். வயசாக ஆக அது எல்லாருக்குமே சுருங்கும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்க கடையில கல்லாவுக்கு முன்னால ஒரு பலகை கிடக்கும் டாக்டர். எடுத்த சாமானயெல்லாம் அதுலதான் வைப்பேன். நிறைஞ்சிட்டுன்னா, ஒண்ண வைக்கப் போனா ஒண்ணு கீழ விழும். அதையா சொல்லுதிய?"

"அதேதான்."

"அப்ப உள்ள இருக்க மூட்டையெல்லாம்?"

"அது அங்கனயே இருக்கு" என்று டாக்டர் சிரித்தார். மணப்பாட்டுப் பேச்சு இப்போது முழுசாகவே வெளியே வந்துவிட்டது.

செந்தூர்வேலுக்கு இன்னும் சந்தேகம். "முன்னெல்லாம் எத்தன பேரு சொன்னாலும் வச்சிருப்பாளே. மூளையில என்ன குறைஞ்சிட்டு?"

மூளை வேலை செய்யும்போதே படம் எடுக்கிற ஸ்கேன் ஒன்று ஆராய்ச்சிகளில் உண்டு என்று டாக்டர் சொன்னார். இளவயதுக்காரர்களிடம் சில வார்த்தைகளையோ எண்களையோ கொடுத்து மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னால், பெரும்பாலும் மூளையின் முன்பகுதியில் ஒரு பக்கம் அதிகமாக வேலை செய்யும். வயதானவர்களில் பலருக்கு அதே வேலைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும். குறைந்த பலத்தை மூளை அப்படி ஈடுகட்டிக்கொள்கிறது என்று ஆராய்கிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். முழுசாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பாரம் ஒரு அளவுக்கு மேல் கூடினால் இளவயதுக்காரர்களைவிடச் சீக்கிரம் திணறும்.

"அது கோளாறு இல்லயே?" என்றார் அக்கா.

"கோளாறு இல்ல. வயசு."

"எங்க வீட்டுக்காரரு முன்ன சீனி மூட்டைய ஒத்தையில இறக்குவாரு. இப்ப நானும் ஒரு பக்கம் பிடிக்கேன். மூட்டை இறங்கத்தான செய்யுது."

"அத ஏன் இங்கன சொல்லுத?" என்றார் செந்தூர்வேல்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வேண்டாத சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவைப்பதும் மூளையின் வேலைதான். வயதாகும்போது அந்தக் கதவு முன்போல இறுக்கமாக மூடுவதில்லை. வெளியே கூப்பிட்ட எட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது அப்படித்தான். "கடையில எப்ப மறக்கு? யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல குறுக்க ஏதாவது சத்தம் உண்டா?"

அக்கா சட்டென்று வீட்டுக்காரரைப் பார்த்தார்.

ஆனி மாதக் கடைசியில்தான் கடையில் அந்தப் பெட்டியை வைத்தார்கள். செல்போனில் பணம் அனுப்பினால், வந்து சேர்ந்த தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி. காலை நேரத்தில் நிமிஷத்துக்கு ஒருதரம் அது ஏதாவது ஒரு தொகையைக் கத்தும். அக்கா மனதுக்குள் ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டிருக்க, அது காதுக்குப் பக்கத்தில் வேறொரு தொகையைச் சொல்லும். போதாததற்கு, போரடிக்கிறது என்று செந்தூர்வேல் கடையில் மாட்டிய டி.வி.யும் ஓடிக்கொண்டிருக்கும்.

"அந்த எளவெடுத்த பெட்டி!" என்றார் அக்கா.

பெட்டி மட்டுமே காரணம் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அக்கா விடியுமுன் எழுந்து, மத்தியானமும் படுக்காமல் நிற்கிறார், தூக்கம் போதவில்லை. ரத்தத்தில் பி12 சத்து கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதற்கு மாத்திரை. நாலு மாதமாக 'எனக்கு வந்துட்டு, எனக்கு வந்துட்டு' என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்த பயமும் அந்தப் பலகையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "உங்க அக்காவுக்கு இருக்கிறதால உங்களுக்குக் கண்டிப்பா வரும்னு இல்ல. வரவே வராதுன்னும் நான் எழுதித் தர முடியாது. வருஷத்துக்கு ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க. இன்னைக்கு நான் பாத்ததுல அது இல்ல."

இன்னைக்கு இல்ல. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார். இந்துமதி வீட்டில் சோறு ஆக்கி வைத்திருக்கிறாள் என்று செந்தூர்வேல் சொல்லியும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரிலிருந்த ஓட்டலில் நுழைந்து நெய் ரோஸ்ட் சொன்னார். பிறகு இன்னொன்று சொன்னார். நாலு மாதமாக ஒரு இட்லிக்கே தண்ணீர் குடித்து முழுங்கிக்கொண்டிருந்த மனுஷி. செந்தூர்வேல் தன் காப்பியை ஆற்றவும் மறந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டிலும் போய்ச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு அக்கா தரையில் படுத்து, சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினார்.

மறுநாள் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்து, அதைச் செந்தூர்வேல் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. பணம் வந்ததா என்று பார்ப்பது இனி அவர் பாடு. டி.வி. வீட்டுக்குள் போனது. சத்தியராஜை அக்காவே போய்ப் பார்த்து, "கோவிச்சுக்காத தம்பி, கடைய விடல. எனக்குத் தலைக்கு ஒண்ணும் இல்லயாம்" என்றார். அவனுக்குத் தலைக்கு என்ன என்றே தெரியாது. திருதிருவென்று விழித்தான்.

வாடிக்கைக்காரர்களுக்குத்தான் புதுச் சட்டம் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். ஒரே மூச்சில் மூன்று சாமானுக்கு மேல் சொல்லக்கூடாது. எடுத்து வைத்த பிறகு அடுத்த மூன்று.

"எக்கா, பஸ் போயிரும்" என்று மாரிராஜ் கத்தினான்.

"போவட்டும். மல்லிப்பொடி தேச்சுக் குளிக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அக்கா ஒன்றைத் தவறவிட்டதைச் சரண்யாதேவி சுட்டிக்காட்டியபோது, "ஆமா, விட்டுட்டேன். திருப்பிச் சொல்லு" என்றார். அந்த வாயிலிருந்து 'திருப்பிச் சொல்லு' வருமென்று தெருவில் யாரும் நினைத்ததில்லை. இப்போதும் சில நாள் கை நிற்கத்தான் செய்கிறது. நின்றால் நின்றுகொண்டே யோசிக்கிறார், வராவிட்டால் கேட்டுக்கொள்கிறார். கோபித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா படுக்கிறார்.

பொங்கல் கழிந்த வாரம் அவர் தனியாக ஆறுமுகநேரிக்குப் போனார். வடிவம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்; யார் என்று தெரியவில்லை. சுந்தரியக்கா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, அந்த நரைத்த முடியைச் சிக்கெடுத்தார். இத்தனை மாதமாக வடிவக்காவைப் பார்க்கவே பயந்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு வலித்தது. அந்தக் கட்டிலில் மனதுக்குள் தன்னையே உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து, வடிவக்காவைப் பார்க்காமலே இருந்துவிட்டார். அன்றைக்கு அந்தக் கட்டிலில் இருந்தது வடிவக்கா மட்டும்தான்.

"நல்லா சீவுதிய" என்றார் வடிவம்மாள்.

"நீ பழக்கினதுதான்க்கா."

"அப்படியா?" என்று வடிவம்மாள் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

மாலையில் தூத்துக்குடி பஸ் ஏறினார். ஜன்னலோர சீட் கிடைத்தது. பழையகாயல் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது, ஆட்கள் மொத்தமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அது தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு. முத்தையாபுரம் எப்போதோ போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அந்த இடத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, வீட்டுக்குப் போன் போட்டார்.

"டவுன் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். எறங்காம வந்துட்டேன்."

போனில் செந்தூர்வேலின் குரல் சட்டென்று மாறியது. "ஏளா, மறந்துட்டியா?"

"தூங்கிட்டேன்ங்க! நல்ல தூக்கம். கண்டக்டரும் எழுப்பல."

"நெசமா தூக்கந்தானா?"

"நெசமாத்தான். மொளவும் பெருங்காயமும் இன்னும் வாங்கல நீங்க. இங்கன வரைக்கும் வந்துட்டேன்ல, நானே வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டத்தோடு சேர்ந்து கடைத்தெருப் பக்கம் நடந்தார்.